நக்தும் நயமும்: கவிதையை நிறுக்கும் கலையும் தேர்வுத்தாளும்

மதுரையிலிருந்து திருமங்கலம் வழியே இராசபாளையம் நோக்கிச் செல்லும் சாலையில், கரிசல் நிலத்தினிடையே டி. கல்லுப்பட்டி என்னும் ஊர் அமைந்துள்ளது. தேவன்குறிச்சிக் குன்றை அடுத்த இப்பகுதியில் 1976ஆம் ஆண்டில் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் அகழாய்வு நடத்தினர். எனினும் இவ்வூரின் பெயரைத் தமிழகத்திற்கு வெளியே கொண்டு சென்றது, 1940இல் கோ. வேங்கடாசலபதி அவர்கள் நிறுவிய காந்திநிகேதன் ஆசிரமமே எனலாம். காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளை அந்த ஆசிரமத்தில்தான் கழித்தார். 1892இல் தஞ்சையில் பிறந்து, இலண்டனில் கணக்காய்வும் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியலும் பயின்ற அப்பெருமகன், 1960 சனவரி 30ஆம் நாள் மறைந்தார்.

ஓர் இஸ்லாமியப் பண்பாட்டு இதழில் குமரப்பாவைப் பற்றிய பேச்சு எதற்கு என்று வாசகர் வினவலாம். 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடு, ஆதாரக் கல்விக்குத் திட்டம் வகுக்க ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் டெல்லி ஜாமிஆ மில்லியாவின் துணைவேந்தராக அப்போது இருந்த டாக்டர் ஜாகிர் உசேன். பின்னாளில் (1967) இந்தியக் குடியரசின் தலைவரானவர் அவரே. குழுவின் அமைப்பாளர் யாழ்ப்பாணத் தமிழர் ஆரியநாயகம். உறுப்பினருள் குவாஜா குலாம் ஸையிதைன் ஒருவர், குமரப்பா மற்றொருவர். எனவே, டி. கல்லுப்பட்டியில் ஓய்ந்த அந்த வாழ்வுக்கும் நம் சமுதாயத்தின் கல்விச் சிந்தனைக்கும் இடையே ஒரு நூலிழைத் தொடர்பு உண்டு. அந்த இழையைப் பற்றிக்கொண்டு, இன்று நம் பிள்ளைகள் தேர்வுக் கூடத்தில் அமர்ந்து ஒரு கவிதையைப் பற்றி எழுதும் கட்டுரை வரை சென்று பார்ப்பதே நம் நோக்கம்.

அக்குழு 1937 டிசம்பரில் அளித்த அறிக்கை, தேர்வு முறையைச் சிறிதும் தயவின்றிக் கண்டித்தது. நம் நாட்டில் வழங்கும் தேர்வு முறை கல்விக்கே ஒரு சாபமாய் அமைந்துவிட்டது என்பதும், அதற்குரிய அளவை மீறி அதற்கு இடம் தரப்பட்டதால் ஏற்கெனவே குறையுள்ள கல்வி மேலும் கெட்டது என்பதும் அதன் கருத்து. ஆண்டிறுதித் தேர்வுக்குப் பதிலாக, ஆசிரியர் வைத்திருக்கும் குறிப்புகளைக் கொண்டே மாணவனை அடுத்த வகுப்புக்கு உயர்த்த வேண்டும். மேற்பார்வைக்காக, தேர்ந்தெடுத்த சில மாணவரின் அடைவை மட்டும் அளந்து பார்த்தால் போதும் என்பது அவர்களது பரிந்துரை. தாய்மொழியை முறையாகக் கற்பிப்பதே எல்லாக் கல்விக்கும் அடித்தளம் என்பதையும் அவ்வறிக்கை வற்புறுத்தியது. வார்தாத் திட்டத்தை அன்றைய முஸ்லிம் லீக் கடுமையாக எதிர்த்தது என்பதையும் ஈண்டு மறைக்க வேண்டியதில்லை. சமயக் கல்விக்கு அதில் இடமில்லை என்பது எதிர்ப்பின் காரணங்களுள் ஒன்று. அந்த வழக்கு வேறு. தேர்வைப் பற்றி அக்குழு சொன்னதை அதனின்றும் பிரித்தே நோக்க வேண்டும்.

ஆதாரக் கல்வியின் நடுவே இருந்தது கைத்தொழில். அதிலும் சிறப்பாக நூற்பு. நூற்பில் மதிப்பீடு எளிது. மாணவன் தக்ளியிலோ இராட்டையிலோ நூற்றதைச் சிட்டமாகச் சுற்றி, எடைபோட்டு, இழையின் நயத்தை எண்ணால் சொல்லிவிடலாம். இழுத்துப் பார்த்து அதன் வலிமையையும் அறியலாம். அறுந்தால் அறுந்ததுதான். மாணவனின் கையெழுத்தழகோ ஆசிரியரின் மனநிலையோ அந்த முடிவை மாற்றா. ஆனால் ஒரு கவிதையைப் படித்து அதைப் பற்றி ஒருவன் எழுதியதை எவ்வாறு இழுத்துப் பார்ப்பது? ஜாகிர் உசேன் கவிதையறியாத கல்வியாளர் அல்லர். 1920களில் பெர்லினில் ஆய்வு மாணவராயிருந்தபோதே மிர்ஸா காலிபின் திவானை அந்நகரின் காவியானி அச்சகத்தில் தாமே முன்னின்று அழகிய சிறு பதிப்பாக வெளிக்கொணர்ந்தவர். காலிபை நிறுக்க எடைக்கல் எதுவென்று அவரைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என எண்ணிப் பார்ப்பது சுவையானது.

நம் முன்னோர் அதற்கும் ஒரு விடை வைத்திருந்தனர். தமிழில் ‘நூல்’ என்னும் சொல் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் இதை விரித்துரைக்கிறார். சொற்கள் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கும் பெண், அவன் வாய் அவள் கை, அவன் அறிவு கதிர் என்பது அவர் காட்டும் உருவகம். பஞ்சு நல்லதா என்பது மட்டுமன்று, முறுக்கு சரியாக விழுந்ததா என்பதே நூற்பில் முதன்மையான கேள்வி. கவிதைக்கும் அதுவே. இதனை நினைவில் இருத்திக்கொண்டு இன்றைய வினாத்தாளுக்கு வருவோம்.

பத்தாம் வகுப்பிலும் மேல்நிலை வகுப்பிலும் தமிழ்த் தேர்வு எழுதுவோர் அறிந்த ஒரு வினா உண்டு: கீழ்க்காணும் பாடலின் நயம் பாராட்டுக. டி. கல்லுப்பட்டிப் பள்ளியில் எழுதும் மாணவியும், நம் அரபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டே தனித்தேர்வராக அதை எழுதும் மாணவரும் ஒரே வகையான விடையைத்தான் எழுதுகின்றனர். திரண்ட கருத்து, மையக் கருத்து, மோனை, எதுகை, இயைபு, முரண், அணி, சந்தம், சுவை. தலைப்புகள் ஏற்கெனவே மனனமாகியிருக்கும்; பாடலிலிருந்து இரண்டிரண்டு சொற்களைப் பொறுக்கி அவற்றின் கீழ் நிரப்பினால் விடை ஆயிற்று. ஒவ்வொரு தலைப்பின் முடிவிலும் ‘பாடலுக்கு அழகு சேர்க்கிறது’ என்ற வாக்கியம். அப்பாடல் நல்லதா, எவ்வளவு நல்லது, எங்கே தளர்கிறது என்று ஒரு சொல்லும் எழுதாமலே முழு மதிப்பெண்ணை எட்டிவிடலாம்! எதுகை இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த எதுகை அங்கே என்ன செய்கிறது? அதைக் கேட்பாரில்லை.

‘பாராட்டுக’ என்னும் ஏவலையே சற்று உற்று நோக்குங்கள். தீர்ப்பை முன்னரே வழங்கிவிட்டு, அதற்கேற்ற சான்றுகளைத் திரட்டித் தருமாறு கேட்கும் வினா அது. நீதிமன்றத்தில் இவ்வாறு ஒருவர் கேட்டால் நாம் ஒப்புவோமா?

அரபு மொழியில் கவிதைத் திறனாய்வுக்குப் பெயர் ‘நக்த்’. நாணயத்தைச் சோதித்து நல்லதையும் கள்ளக்காசையும் பிரிப்பதே அச்சொல்லின் அடிப்படைப் பொருள். கவிதை பற்றிய பழம்பெரும் நூல்களுள் ஒன்றை இயற்றிய இப்னு ஸல்லாம் அல்ஜுமஹீ (ஹி. 3ஆம் நூற்றாண்டு), கவிதையறிவும் ஏனைத் தொழில்களைப் போல ஒரு தொழிலறிவே என்கிறார். முத்தையும் மாணிக்கத்தையும் வெறும் வருணனையால் அறிய முடியாது. பொன் வெள்ளிக் காசுகளின் தரம் அவற்றைக் கையாண்டு பழகிய நாணய மாற்றுவோனுக்கே புலப்படும். அவர் நூலிலேயே ஒரு சுவையான செய்தி காணப்படுகிறது. ஒருவர் கலஃப் அல்அஹ்மரிடம், ‘ஒரு கவிதை எனக்குப் பிடித்துவிட்டால் நீரும் உம் கூட்டத்தாரும் என்ன சொன்னாலும் எனக்குக் கவலையில்லை’ என்றாராம். அதற்கு அவர், ‘நீர் ஒரு திர்ஹத்தைக் கண்டு மகிழ்ந்து வாங்குகிறீர், காசு பார்ப்பவன் அது செல்லாதது என்கிறான், உம் மகிழ்ச்சி அப்போது உமக்கு என்ன பயன் தரும்?’ என்னும் கருத்தில் விடையிறுத்தாராம். தமிழிலோ ‘உரை’ என்றால் விளக்கம். ‘உரைத்தல்’ என்றால் பொன்னைக் கட்டளைக்கல்லில் தேய்த்து மாற்றுக் காண்பதும் ஆகும். இரு மொழிகளும் கவிதை பற்றிய பேச்சைப் பொற்கொல்லனின் பட்டறைக்கு அருகிலேயே வைத்திருப்பதை நாம் தற்செயல் என்று தள்ளிவிட விரும்பவில்லை.

இனி, நாம் அறிந்த மிகப் பழைய கவிதைத் தேர்வுக் கூடங்களுள் ஒன்றுக்குச் செல்வோம். இஸ்லாத்திற்கு முற்பட்ட அரேபியாவில் உக்காழ் சந்தை கூடும்போது நாபிகா துப்யானீ என்னும் முதுபெரும் கவிஞருக்குச் செந்நிறத் தோல் கூடாரம் ஒன்று அமைப்பர். கவிஞர் அவர்முன் பாடித் தீர்ப்புப் பெறுவர். அஃஷா பாடினார், கன்ஸா பாடினார், பின்னாளில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கவிஞராய்த் திகழ்ந்த ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்களும் பாடினார்கள். தம் குலத்தாரின் விருந்தோம்பலையும் வீரத்தையும் பற்றிய ஹஸ்ஸானின் பெருமிதக் கவிதையை நாபிகா மட்டம் தட்டிவிட்டார். அவர் சொன்னதாக வரும் காரணங்களே நமக்கு முக்கியம். விருந்துக் கலங்களைக் குறிக்கச் சிறுதொகைப் பன்மையான ‘ஜஃபனாத்’ என்ற வடிவைக் கையாண்டுவிட்டாய், பெருந்தொகையைக் காட்டும் ‘ஜிஃபான்’ அன்றோ வேண்டும்? அவை முற்பகலில் மின்னுவதாகச் சொன்னாய், விருந்தினர் மிகுதியாய் வருவது இரவில் அல்லவா? வாள்களிலிருந்து குருதி சொட்டுவதாகச் சொன்னாய், வழிகிறது என்றிருந்தால் வீரம் மிகும் அல்லவா?

இத்துடன் இந்நிகழ்ச்சி முடிந்திருந்தால் அது ஓர் ஆசிரியர் மாணவனைக் கண்டித்த கதையாகவே நின்றிருக்கும். ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டு கழித்து, ‘நக்துஷ் ஷிஃர்’ என்னும் நூலில் குதாமா இப்னு ஜஅஃபர் (மறைவு ஹி. 337) ஹஸ்ஸானின் சார்பில் வழக்காடினார். இரவில் எந்தச் சிறு ஒளியும் மின்னும். நண்பகலை நெருங்கும் வெயிலிலும் மின்னுவதற்குப் பேரொளி வேண்டும், ஆகவே முற்பகல் என்பதே வலிய சொல் என்றார். வாளைப் பற்றிப் பேசும்போது குருதி சொட்டுகிறது என்பதே மக்கள் வழக்கு. வழிகிறது என்று யாரும் சொல்வதில்லை, வழக்கை விட்டு விலகியிருந்தால் அதுவே குற்றமாகியிருக்கும் என்றார். யார் பக்கம் நியாயம் என்பதை வாசகரே தீர்மானிக்கலாம். நம்மைக் கேட்டால் முற்பகல் வழக்கில் குதாமாவே வென்றார் என்போம். பன்மை வழக்கில் நாபிகாவின் கை ஓங்கியே நிற்கிறது. கவனிக்க வேண்டியது, இருவருமே ‘கவிதை அழகாக உள்ளது’ என்று பேசவில்லை என்பது. ஒரு சொல்லை எடுத்து, அதற்குப் பதில் வேறு சொல் நின்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று கேட்கின்றனர். திறனாய்வுக் கட்டுரையின் உயிர்நிலை அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

மதுரையும் இவ்வகையில் உக்காழுக்கு இளைத்ததன்று. தருமி கொணர்ந்த பாடலின் பொருளில் குற்றம் கண்ட நக்கீரரின் கதை திருவிளையாடற் புராணத்தால் நாடறிந்தது. கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்பதே அங்கு எழுந்த தடை. சமய நம்பிக்கை சார்ந்த அக்கதையின் முடிவு நம் ஆய்வுக்குரியதன்று. ஆனால் பாடியவர் யாராயினும் பாட்டை நிறுத்துப் பார்க்கலாம் என்னும் துணிவு இம்மண்ணின் நினைவில் ஊறியிருந்தது என்பதற்கு அது சான்று. நன்னூலும் உரைக்குப் பதினான்கு உறுப்புகளைச் சொல்லும்போது வினா, விடை, துணிவு ஆகியவற்றை அவற்றுள் வைக்கிறது. நூலாசிரியர் கொள்ளும் எழுவகை மதங்களை உரைக்குமிடத்தில் உடன்படுதல், மறுத்தல், பிறர் கொள்கையை முதலில் ஏற்றுப் பின் களைதல், இருவர் மாறுபட்டவழி ஒன்றைத் துணிதல் எனக் கூறுகிறது. ஒரு வலிய கட்டுரைக்கு இதைவிட வேறு வரைபடம் தேவையில்லை. அந்த வரைபடம் நம் பாடத்திட்டத்தில் இலக்கணப் பகுதியாக மனனம் செய்யப்பட, அடுத்த பக்கத்தில் இருக்கும் நயம் பாராட்டலுக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

இந்நிலை எப்படி நேர்ந்தது? பழியைத் தேர்வு ஒன்றின்மீதே சுமத்துவது எளிது. வரலாறு அவ்வளவு எளிதாக இல்லை. அரபுத் திறனாய்வின் சிகரம் இமாம் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானீ (ரஹ், மறைவு ஹி. 471). அவர்களது ‘தலாயிலுல் இஃஜாஸ்’ நிறுவ முயலும் கொள்கை ஒன்றே: சிறப்பு தனிச் சொற்களில் இல்லை, சொற்கள் ஒன்றோடொன்று கொள்ளும் உறவில், ‘நள்ம்’ என்னும் கோவையில் இருக்கிறது. இதனை விளக்க அவர்கள் ஹூத் அத்தியாயத்தின் 44ஆம் திருவசனத்தை எடுத்துக்கொள்கிறார்கள். நூஹ் (அலை) அவர்கள் காலத்து வெள்ளம் வடிந்த இடம் அது. இறைவாக்கு கவிதையன்று என்பதை இமாமவர்கள் நன்கறிவார்கள். சொற்கோவையின் உச்சம் எங்குள்ளதோ அங்கிருந்தே அளவுகோலை எடுக்கிறார்கள். பூமி முதலில் விளிக்கப்படுகிறது, பிறகு ஏவப்படுகிறது. வெறுமனே ‘நீர்’ என்னாமல் ‘உன் நீர்’ என உரிமை சுட்டப்படுகிறது. அடுத்து வானுக்கும் அதற்குத் தக்க ஏவல். பின்னர் ‘வற்றச் செய்யப்பட்டது’ எனச் செயப்பாட்டுவினை வருகிறது. தானாக வற்றவில்லை, ஆணையிட்டவன் ஒருவன் ஆற்றலால் வற்றியது என்பதை அவ்வினைவடிவே சொல்லிவிடுகிறது. இவற்றுள் எந்தச் சொல்லையும் கூட்டத்தினின்று பிரித்துத் தனியே வைத்தால் இச்சிறப்பு நிற்குமா என்று இமாமவர்கள் கேட்கிறார்கள். நன்னூலார் சொன்ன முறுக்கு இதுவே. பஞ்சை எண்ணிப் பயனில்லை.

ஜுர்ஜானீயின் இந்த உயிருள்ள வாதத்தை ஸக்காக்கீ (மறைவு ஹி. 626) தம் ‘மிஃப்தாஹுல் உலூம்’ நூலில் பகுத்து வகுத்தார். அதன் பகுதியைக் கஸ்வீனீ (மறைவு ஹி. 739) ‘தல்கீஸ்’ எனச் சுருக்கினார். அச்சுருக்கத்துக்குத் தஃப்தாஸானீ இரு உரைகள் எழுதினார். அவற்றுள் சுருங்கிய ‘முக்தஸருல் மஆனீ’ நம் மத்ரஸாக்களில் இன்றும் ஓதப்படுகிறது. பெரியோர் செய்த இப்பணியின் அருமையை நாம் குறைத்துப் பேசவில்லை. கற்பித்தலுக்கு ஒழுங்கு வேண்டும், அதனை அவர்கள் தந்தார்கள். ஆயினும் பலாகத் பாடம் நடத்துகையில் நாம் காண்பது என்ன? உவமையின் வகைகளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவர், முதனப்பியின் ஓர் அடியைக் கொடுத்து இது ஏன் வென்றது என்றால் கிதாபைப் புரட்டுகிறார். வகைப்பெயரைச் சொன்னால் ஆய்வு முடிந்தது என்னும் எண்ணம் தேர்வுத்தாள் வருமுன்பே சுருக்க நூல்களின் வழியே நுழைந்துவிட்டது. தேர்வு அதற்கு மதிப்பெண்ணும் கொடுத்து நிலைபெறச் செய்தது, அவ்வளவே.

தமிழிலும் இதே பாதை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் தமிழும் தேர்வுப் பாடமாயிற்று. 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்னும் தேர்வுகளை நடத்தியது. ஆங்கிலம் அறியாத எளிய ஊர்ப்புறத்துப் புலவர்க்கும் பட்டமும் ஆசிரியப் பணியும் பெற வழி திறந்த அத்தேர்வுகளை இகழ்வது நன்றி மறப்பதாகும். ஆனால் அகராதியும் நிகண்டும் அணியிலக்கணமும் தேர்வுக்கு வசதியாக அமைவது போல, தீர்ப்பு அமைவதில்லை. மேலைநாட்டிலும் இந்நோய் இருந்ததற்குச் சான்று, கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் செய்த சோதனை. ஆசிரியர் பெயரை மறைத்துச் சில கவிதைகளை மாணவரிடம் கொடுத்து எழுதச் சொன்னார். 1929இல் அவர் நூலாக வெளியிட்ட முடிவு அதிர்ச்சி தருவதாயிருந்தது. தேர்ந்த மாணவர் பலர் கவிதையின் நேர்ப்பொருளையே பிடிக்கவில்லை; பலர் ஏற்கெனவே மனத்தில் கிடந்த உணர்ச்சியைக் கவிதையின் பெயரால் எழுதியிருந்தனர்.

நம் சமுதாய இலக்கியத்தின் பக்கம் திரும்புவோம். நம் கவலை முழுதும் இங்குதான். ஒரு தேர்வு வினா நல்லதாயமைந்தால் என்ன விளையும் என்பதற்கு ம.மு. உவைஸ் (1922–1996) அவர்களின் வாழ்வு எடுத்துக்காட்டு. இலங்கையில் மாணவராயிருந்தபோது வாய்மொழித் தேர்வில் விபுலானந்த அடிகள், முஸ்லிம்கள் இயற்றிய தமிழ் இலக்கியங்களைப் பற்றி அவரைக் கேட்டார் என்றும், சீறாப்புராணத்துக்கு அப்பால் சொல்ல இயலாத அந்நிலையே அவரை ஆராய்ச்சிக்குத் தூண்டியது என்றும் சொல்லப்படுவதுண்டு. அவரது ஆய்வு 1953இல் நூலாயிற்று. பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராய் அமர்ந்து, பீ.மு. அஜ்மல்கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். மறைந்து கிடந்தவற்றைப் பட்டியலிட்ட அப்பேருழைப்பின்றி நாம் எவரும் இன்று பேச முடியாது. ஆயின், அப்பட்டியலை வைத்துக்கொண்டு அடுத்த தலைமுறை செய்தது என்ன? இத்தனை காப்பியங்கள், இத்தனை படைப்போர்கள், இத்தனை நாமாக்கள் என்று எண்ணி மகிழ்ந்தோம். எது பொன், எது பித்தளை என்று உரைத்துப் பார்த்தோமா? நம் கருத்தரங்க மலர்களைப் புரட்டினால் நயம் பாராட்டல் விடைகளே பெரும்பாலும் நீண்டு விரிந்து கிடக்கின்றன.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. 1907இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்திய கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950), சீறாவுக்கு உரை கண்டவர். தடை எழுப்பி விடை கூறும் பழைய புலமை மரபில் ஊறியவர். சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாயிருந்த மு.மு. இஸ்மாயில் (1921–2005), கம்பனின் வாலி வதையை எடுத்துக்கொண்டு வாலியின் குற்றச்சாட்டையும் இராமனின் மறுமொழியையும் வழக்குரை கேட்பது போல் கேட்டு எழுதினார். கம்பனை அவர் நேசித்தது உலகறிந்தது. நேசம் வினாவைத் தடுக்கவில்லை. ஆனால் அவரது நிறுவை பெரிதும் கம்பனுக்கே கிடைத்தது. உமறுவுக்கு அத்தகைய நீதிபதி ஒருவர் இன்னும் வாய்க்கவில்லை.

அவ்வாறு ஒருவர் வாய்த்தால் எங்கிருந்து தொடங்குவார்? சீறாவின் நாட்டுப் படலத்திலிருந்தே தொடங்கலாம். 5027 விருத்தங்கள் கொண்ட அக்காப்பியத்தின் தொடக்கத்தில் உமறுப் புலவர் அரபு நாட்டை வருணிக்கிறார். மழை பொழிகிறது, வெள்ளம் ஐவகை நிலத்திலும் பாய்கிறது, உழவு நடக்கிறது, நெல் விளைகிறது. தேர்வு விடை இதனை ‘இயற்கை வருணனை மிகச் சிறப்பாக அமைந்துள்ளது’ என்று முடித்துவிடும். ஆனால் மத்ரஸாவில் ஓதும் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மக்காவைப் பயிர் விளையாத பள்ளத்தாக்கு எனத் திருக்குர்ஆனே (14:37) இப்ராஹீம் (அலை) அவர்களின் பிரார்த்தனையில் குறிக்கிறதே. அப்படியிருக்க இந்த நெல்வயல் எங்கிருந்து வந்தது? இதுவே தடை. இத்தடையைத் துணிந்து எழுப்பும் கட்டுரையே வலிய கட்டுரையாகும் தகுதி பெறுகிறது.

முதல் விடை எளிதில் கிடைக்கும்: பெருங்காப்பியத்துக்கு மலை, கடல், நாடு, நகர் முதலான வருணனை வேண்டும் என்பது தண்டியலங்காரம் கூறும் மரபு. கம்பனும் கோசலத்தைச் சோணாடாகவே கண்டான். இந்த விடையுடன் நிற்பவர் பாதி வழியில் நிற்பவர். கோசலத்தில் சரயு உண்டு, அதைக் காவிரியாக்குவது சிறு தாவல். ஹிஜாஸின் பாறையில் நெல் நடுவதோ பெருந்தாவல். அறியாமையால் நேர்ந்தது என்றும் சொல்ல முடியாது. காயலிலும் கீழக்கரையிலும் கடல் கடந்து வணிகம் செய்தோரும் ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பியோரும் இருந்தனர். ஆலிம்களிடம் செய்தி கேட்டு எழுதியவர் உமறு. தெரிந்தே செய்தார் எனில், எதற்காக? பெருமானார் (ஸல்) அவர்களின் பிறப்புக்கு முன்னுரையாக, அருளை மழையாகக் காட்டவா? அவ்வாறு கருதும் மாணவர், அப்படலத்தின் உவமைகளில் மழையும் வெள்ளமும் தீனின் திசைக்குத் திரும்பும் இடங்களைத் தேடி எடுத்து வைக்க வேண்டும். சான்று கிடைத்தால் உமறு வெல்வார். கிடைக்காவிடில், இவ்விடத்தில் மரபு கவிஞரை இழுத்துச் சென்றுவிட்டது என்று பணிவோடும் தெளிவோடும் எழுதிவிட வேண்டியதுதான். சீறாவின் பெருமைக்கு அதனால் ஒரு குறையும் வந்துவிடாது. குறையே சொல்லப்படாத நூல் படிக்கப்படாத நூலாகவே முடியும் என்பதுதான் நம் அச்சம்.

மானுக்குப் பிணை நின்ற படலமும் பாடநூல்களில் அடிக்கடி இடம்பெறுவது. அதில் நம் மாணவர் இன்னொரு தவறான வழியில் திரும்பிவிடுவதுண்டு. ஹதீஸ் கலை வல்லார் பலர் அந்நிகழ்ச்சியின் அறிவிப்புத் தொடரை வலுவற்றதெனக் கூறியுள்ளதால், கவிதையைப் பற்றிய விடை முழுவதையும் அறிவிப்பாளர் ஆய்வாகவே எழுதிவிடுகின்றனர். அது வேண்டிய ஆய்வுதான். அதற்குரிய இடம் வேறு. இங்குக் கேட்கப்படுவது, குட்டியை எண்ணித் தவிக்கும் பிணைமானுக்கு உமறு என்ன மொழி கொடுத்தார், வேடனின் நம்பிக்கையின்மை எச்சொல்லில் தெரிகிறது, மான் திரும்பி வரும் நொடியைக் கவிஞர் விரைவாகச் சொன்னாரா நீட்டினாரா என்பனவே.

அரைமணி நேரத் தேர்வில் இவ்வளவும் இயலுமா என்று ஆசிரியர் சிலர் நம்மிடம் கேட்பர். முழுப் படலம் வேண்டாம், ஒரு விருத்தம் போதும். ஒன்பது தலைப்பு வேண்டாம், ஒரு கேள்வி போதும். முதலில் பாடலைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். குமரப்பா சிறையில் இருந்து எழுதிய பொருளியல் நூலுக்கு முன்னுரை தந்த காந்தியடிகள், அதை இரண்டு மூன்று முறை கருத்தூன்றிப் படித்தாலன்றி முழுதும் சுவைக்க இயலாது என்று எழுதினார். பொருளியலுக்கே அப்படியெனில் விருத்தத்துக்குச் சொல்ல வேண்டுமோ! படிக்கும்போது எந்தச் சொல்லில் நெஞ்சு தட்டி நின்றதோ, அதிலிருந்து கட்டுரையைத் தொடங்கலாம். அச்சொல்லுக்கு ஈடாக வேறொன்றை வைத்துப் பார்த்து, நாபிகாவைப் போலத் தடை சொல்லி, குதாமாவைப் போல விடை தேடி, இறுதியில் தன் துணிவை ஒரு வாக்கியத்தில் எழுதலாம். எதுகையும் மோனையும் அந்த வாதத்துக்கு உதவினால் மட்டும் வரட்டும். உதவாவிடில் அவற்றை எண்ணிக் காட்ட வேண்டியதில்லை.

மாற்றம் மாணவரிடத்தில் தொடங்காது, வினாத்தாளில்தான் தொடங்க வேண்டும். நாம் நம் வகுப்பில் சில ஆண்டுகளாக ‘பாராட்டுக’ என்னும் சொல்லை நீக்கிவிட்டு, ‘இப்பாடலில் கவிஞர் வேறு சொல்லைத் தேர்ந்திருக்கக் கூடும் என்று நீர் கருதும் இடம் ஒன்றைக் காட்டி, அவர் தேர்ந்ததே சரியா என்பதைக் காரணத்துடன் எழுதுக’ என்று கேட்டு வருகிறோம். முதல் ஆண்டில் பலர் வெற்றுத் தாளைக் கொடுத்தனர். இரண்டாம் ஆண்டில், ஒரே விருத்தத்தின் ஒரே சொல்லைப் பற்றி இருவர் நேரெதிரான முடிவுகளை எழுதியிருந்தனர். இருவர் காட்டிய சான்றும் பாடலுக்குள்ளிருந்தே எடுக்கப்பட்டிருந்தது. இருவருக்கும் முழு மதிப்பெண் கொடுத்தோம். விடைத்தாள்கள் திரும்பக் கிடைத்த அன்று, அஸர் தொழுகைக்குப் பின்னும் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் அவ்விருவரும் அந்தச் சொல்லைப் பற்றியே வாதாடிக்கொண்டிருந்தனர்.